பிள்ளையின் காய்ச்சலும் எமது முகவரியும்

நிலத்தை விட்டு வந்த குடும்பங்களோடு பேசும்போது நாம் அடிக்கடி கேட்கும் ஒரு கவலை உண்டு. "ஊரில் இருந்தபோது பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தால் எங்கே போவது, யாரிடம் சொல்வது என்று தெரியும். இங்கே ஒன்றும் புரியவில்லை" என்பதே அது. இப்பாடம் அந்தக் கவலைக்காக எழுதப்படுகிறது.

இடம்பெயர்வு கண்டி மாவட்டத்துக்குப் புதிதல்ல. 1980களில் விக்டோரியா நீர்த்தேக்கத்துக்காகத் தெல்தெனியப் பகுதிக் குடும்பங்கள் தமது வயல்களை விட்டுப் போயின. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலோடு வந்த பெருமழையில் கண்டி, நுவரெலியா, பதுளை மாவட்டங்களில் மலைகள் சரிந்து, பலர் வீட்டையும் மரக்கறித் தோட்டத்தையும் ஒரே இரவில் இழந்தார்கள். இப்படி வருபவர்களில் சிலர் பாடசாலைகளிலும் வழிபாட்டிடங்களிலும் தங்குகிறார்கள். சிலர் நகரத்தில் உள்ள உறவினர் வீடுகளுக்குப் போகிறார்கள். மாத்தளை வீதியோரம் மஹய்யாவையில் உள்ள மாநகர சபைத் தொழிலாளர் குடியிருப்புப் போன்ற இடங்களில் ஏற்கெனவே அறைகள் சிறியவை, சுவருக்குச் சுவர் அடுத்த வீடு. அங்கே இன்னொரு குடும்பம் வந்து சேர்ந்தால் ஐந்தாறு பிள்ளைகள் ஒரே பாயில் படுக்க வேண்டி வருகிறது. ஒரு பிள்ளையின் இருமல் அனைவருக்கும் போய்ச் சேர அதிக நேரம் எடுக்காது.

இப்பாடத்தில் மூன்று காரியங்களைக் கற்போம். முதலாவது, காய்ச்சலின் நாட்களை எண்ணி எழுதுதல். இரண்டாவது, ஆபத்தான அறிகுறிகளை இனங்காணுதல். மூன்றாவது, பிள்ளை இப்போது படுத்துறங்கும் இடத்தின் முகவரியை வைத்தியசாலையில் சரியாகச் சொல்லுதல். மூன்றாவது காரியம் சிறியதாகத் தோன்றலாம். ஆனால் இடம்பெயர்ந்தவர்கள் மத்தியில் பெரும்பாலும் தவறிப்போவது அதுதான்.

1. விவசாயி அறிந்த பாடம்

மிளகாய்த் தோட்டத்தில் ஒரு செடியின் இலை சுருண்டு வந்தால் நாம் என்ன செய்கிறோம்? அந்த ஒரு செடியோடு நின்றுவிடுவதில்லை. பக்கத்துச் செடிகளைப் பார்க்கிறோம். எந்த வரிசையில் தொடங்கியது, எத்தனை செடிகளுக்குப் பரவியது என்று கணக்கெடுக்கிறோம். இலையின் அடியில் வெள்ளை ஈ இருக்கிறதா என்று புரட்டிப் பார்க்கிறோம். வைரசினால் வரும் இலைச்சுருள் நோயைப் பரப்புவது அந்த ஈதான் என்று எமக்குத் தெரியும்.

பிள்ளைகளுக்கு வரும் காய்ச்சல்களில் பெரும்பாலானவையும் வைரசுக் கிருமிகளால் வருபவையே. சாதாரண தடிமன், இன்புளுவென்சா, டெங்கு, சின்னமுத்து, கொப்புளிப்பான், கூகைக்கட்டு ஆகிய அனைத்தும் இவ்வகையைச் சேர்ந்தவை. அன்ரிபயோட்டிக் மருந்துகள் பக்டீரியாக் கிருமிகளைக் கொல்லும்; வைரசைக் கொல்லா. ஆகவே பழைய மருந்துச் சீட்டைக் காட்டிக் கடையில் அன்ரிபயோட்டிக் வாங்கிக் கொடுப்பதால் பயனில்லை. பெரும்பாலான வைரசுக் காய்ச்சல்கள் ஓய்வாலும் நீராகாரத்தாலும் தாமாகவே மாறும். சில மட்டும் ஆபத்தான பக்கம் திரும்பும். எது திரும்புகிறது என்பதை முதலில் காணக்கூடியவர் பிள்ளையின் பக்கத்தில் இருக்கும் தாய் அல்லது தந்தையே.

2. காய்ச்சல் கொப்பி

ஒரு சாதாரண கொப்பியும் ஒரு பேனையும் போதும். காய்ச்சல் தொடங்கிய நாளே 1ஆம் நாள். அன்றிலிருந்து ஒவ்வொரு நாளும் பின்வருவனவற்றை எழுத வேண்டும்.

அ. நாளும் நேரமும். வெப்பமானி இருந்தால் அதன் அளவு. 100.4 பாகை பாரன்ஹைட், அதாவது 38 பாகை செல்சியசு, அல்லது அதற்கு மேல் இருந்தால் காய்ச்சல்.

ஆ. கொடுத்த மருந்து, அளவு, நேரம். காய்ச்சலுக்குப் பரசிட்டமோல் மட்டுமே கொடுக்கலாம். பிள்ளையின் நிறைக்கு ஏற்ற அளவை வைத்தியரிடமோ மருந்தாளரிடமோ கேட்டறிந்து, 6 மணித்தியாலத்துக்கு ஒரு தடவைக்கு மேல் கொடுக்காதிருக்க வேண்டும். அஸ்பிரின், இபுபுரோபன், டைக்குளோபினாக் போன்றவற்றைக் கொடுக்கவே கூடாது. டெங்குவாக இருந்தால் அவை இரத்தப் பெருக்கை உண்டாக்கும்.

இ. என்ன குடித்தது, எவ்வளவு குடித்தது. கஞ்சி, இளநீர், ஜீவனிக் கரைசல், பால் எதுவாயினும் எழுதுங்கள். சிவப்பு, கபில நிறப் பானங்களைத் தவிருங்கள். பிள்ளை வாந்தியெடுத்தால் அது இரத்தமா பானமா என்று பிரித்தறிய முடியாமல் போகும்.

ஈ. எத்தனை தடவை சிறுநீர் கழித்தது.

உ. புதிதாகத் தோன்றிய அடையாளம்: தழும்பு, கொப்புளம், இருமல், வயிற்றோட்டம், வாந்தி.

இதை விளங்கிக்கொள்ள ஒரு கொப்பியை மனதில் வைத்துப் பார்ப்போம். செவ்வாய், 1ஆம் நாள், மாலை 4 மணிக்குக் காய்ச்சல் தொடங்கியது. புதன், 2ஆம் நாள், தலையிடி, உடம்பு நோ. வியாழன், 3ஆம் நாள், காய்ச்சல் விடவில்லை. வெள்ளி, 4ஆம் நாள், காய்ச்சல் இறங்கிவிட்டது. பிள்ளை சோர்ந்து கிடக்கிறது, கைகால் குளிர்ந்திருக்கிறது, காலையிலிருந்து சிறுநீர் போகவில்லை. எழுதி வைக்காத வீட்டில் வெள்ளிக்கிழமை "அப்பாடா, காய்ச்சல் விட்டுவிட்டது" என்று ஆறுதல் அடைவார்கள். எழுதி வைத்த வீட்டில் 4ஆம் நாள் என்பதையும் சிறுநீர் போகவில்லை என்பதையும் சேர்த்துப் பார்த்து, உடனே வைத்தியசாலைக்கு ஓடுவார்கள். இவ்விரண்டுக்கும் இடையே ஓர் உயிர் தங்கியிருக்கிறது.

3. எதைக் கண்டால் என்ன செய்வது?

டெங்கு: இலங்கையில் இந்நோய் 1962இல் இரத்தப் பரிசோதனை மூலம் உறுதிப்படுத்தப்பட்டது. 2017ஆம் ஆண்டில் மட்டும் 1 இலட்சத்து 86 ஆயிரத்துக்கும் அதிகமான நோயாளர்கள் அறிவிக்கப்பட்டார்கள். 400க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். காய்ச்சல் வழக்கமாக 2 முதல் 7 நாள் நிற்கும். ஆபத்தான கட்டம் பெரும்பாலும் காய்ச்சல் இறங்கும் வேளையிலேயே தொடங்கி 24 முதல் 48 மணித்தியாலம் வரை நீடிக்கும். அப்போது இரத்தக் குழாய்களில் இருந்து நீர் கசிந்து வெளியேறும். 3ஆம் நாளிலும் காய்ச்சல் இருந்தால் இரத்தப் பரிசோதனை செய்ய வேண்டும். கைக்குழந்தையானால் அதற்கும் காத்திருக்கக் கூடாது. கடுமையான வயிற்று நோ, விடாத வாந்தி, மூக்கிலோ முரசிலோ இரத்தம், கறுப்பு மலம், குளிர்ந்த கைகால், மயக்கமான தூக்கம், 6 மணித்தியாலமாகச் சிறுநீர் போகாமை ஆகியவற்றில் ஒன்றைக் கண்டாலும் உடனே வைத்தியசாலைக்குக் கொண்டுபோக வேண்டும்.

சின்னமுத்து: தோட்டப் பகுதிகளில் தட்டம்மை, மணல்வாரி என்றும் சொல்வர். காய்ச்சல், இருமல், மூக்கொழுகல், சிவந்த கண்கள் தோன்றி, மூன்று நான்கு நாளில் காதின் பின்புறத்திலும் முகத்திலும் சிவந்த தழும்பு தொடங்கி உடம்பு முழுவதும் இறங்கும். தழும்பு தோன்றுவதற்கு 4 நாள் முன்பிருந்து 4 நாள் பின்பு வரை இது காற்றால் பரவும். பட்டினியால் மெலிந்த பிள்ளைகளுக்கு நியூமோனியாவும் கண்பாதிப்பும் வரலாம். அதனால்தான் வைத்தியர்கள் விற்றமின் ஏ கொடுக்கிறார்கள்.

கொப்புளிப்பான்: நீர் நிறைந்த கொப்புளங்கள் கூட்டங் கூட்டமாக வரும். எல்லாம் காய்ந்து பொருக்குத் தட்டும்வரை பிள்ளையைப் பாடசாலைக்கு அனுப்பக் கூடாது.

கூகைக்கட்டு: காதுக்குக் கீழே கன்னம் வீங்கி, மெல்லும்போது வலிக்கும். கடும் தலையிடியும் வாந்தியும் சேர்ந்தால் வைத்தியரிடம் காட்ட வேண்டும்.

கை, கால், வாய் நோய்: வாய்க்குள் புண்ணும் உள்ளங்கை, உள்ளங்காலில் சிறு கொப்புளங்களும் வரும். 5 வயதுக்குக் குறைந்த பிள்ளைகளுக்கே அதிகம். 7 முதல் 10 நாளில் மாறிவிடும். ஆனால் மலத்தில் கிருமி பல கிழமைகள் வெளியேறும். ஆகவே மலம் கழுவியபின் சவர்க்காரமிட்டுக் கை கழுவுதல் அவசியம்.

இருமலும் மூச்சு வாங்கலும்: பிள்ளை அழாமல் இருக்கும்போது சட்டையைத் தூக்கி, ஒரு முழு நிமிடம் மூச்சை எண்ணுங்கள். 2 மாதத்துக்குக் குறைந்த குழந்தைக்கு 60, 2 மாதம் முதல் ஒரு வயதுவரை 50, 1 முதல் 5 வயதுவரை 40, அல்லது அதற்கு மேல் இருந்தால் அது வேகமான மூச்சு. மூச்செடுக்கும்போது நெஞ்சின் கீழ்ப்பகுதி உள்ளே போனால் மிக ஆபத்து.

திடீர்க் கால் தளர்ச்சி: 15 வயதுக்குட்பட்ட பிள்ளைக்குக் காலோ கையோ திடீரெனத் தளர்ந்து போனால், விழுந்ததால் வந்தது என்று எண்ணி எண்ணெய் தேய்த்துக் கொண்டிருக்கக் கூடாது. இளம்பிள்ளை வாதம் அல்ல என்பதை உறுதிசெய்ய 14 நாட்களுக்குள் இரண்டு தடவை மல மாதிரி எடுத்துப் பரிசோதிக்க வேண்டும்.

3 மாதத்துக்குக் குறைந்த குழந்தைக்கு எந்தக் காய்ச்சல் வந்தாலும் கொப்பியில் நாள் எண்ணத் தேவையில்லை. அன்றே வைத்தியசாலைக்குப் போக வேண்டும். வாகனம் இல்லாத இரவில் 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் அம்புலன்ஸ் இலவசமாக வரும்.

அம்மை கண்டால் "அம்மாள் வந்திருக்கிறா" என்று வேப்பிலை கட்டி, பிள்ளையை வெளியே காட்டாமல் வைத்திருக்கும் வழக்கம் எம் மக்களிடம் உண்டு. பிள்ளையை ஒதுக்கி ஓய்வாக வைத்திருப்பதில் நன்மையும் இருக்கிறது. ஆனால் அதோடு வைத்தியருக்கும் தெரிவிக்க வேண்டும். தெரிவிக்காவிட்டால் பக்கத்து அறையில் உள்ள கைக்குழந்தையைக் காப்பாற்ற எவருக்கும் வாய்ப்புக் கிடைக்காது.

4. ஒரு படிவத்தின் பயணம்

எமது நாட்டில் நோய்களைப் பின்தொடரும் ஏற்பாடு மிகப் பழையது. தனிமைப்படுத்தல், நோய்த் தடுப்புக் கட்டளைச் சட்டம் 1897ஆம் ஆண்டுக்குரியது. டெங்கு, சின்னமுத்து, கொப்புளிப்பான், கூகைக்கட்டு, செங்கமாரி முதலியவை கட்டாயம் அறிவிக்கப்பட வேண்டிய நோய்களின் பட்டியலில் உள்ளன. அத்தகைய நோய் என்று சந்தேகம் வந்தவுடனேயே, பரிசோதனை முடிவு வரும்வரை காத்திராமல், வைத்தியர் எச்-544 என்னும் படிவத்தை நிரப்புகிறார்.

கண்டி தேசிய வைத்தியசாலையிலோ, பேராதனையில் உள்ள சிறிமாவோ பண்டாரநாயக்க விசேட சிறுவர் வைத்தியசாலையிலோ பிள்ளையைச் சேர்த்தாலும், அந்தப் படிவம் வைத்தியசாலையோடு நின்றுவிடுவதில்லை. பிள்ளை வசிக்கும் பிரதேசத்தின் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைக்கு அது போகிறது. அங்கிருந்து பொதுச் சுகாதாரப் பரிசோதகர், அதாவது நாம் பி.எச்.ஐ. என்று அழைப்பவர், அந்த வீட்டைத் தேடி வருகிறார். வேறு எவருக்கேனும் காய்ச்சல் உண்டா, நுளம்பு பெருகும் இடம் எங்கே, தடுப்பூசி தவறிய பிள்ளைகள் யார் என்று பார்த்து எச்-411 படிவத்தில் எழுதுகிறார். பின்னர் ஒவ்வொரு கிழமையும் பிரதேசத்தின் கணக்கு கொழும்பில் உள்ள தொற்றுநோயியல் பிரிவுக்குப் போகிறது. இப்போது கணினி வழியாகவும் இத்தகவல் போகிறது. ஆனாலும் கணினிக்குள் போவது நாம் சொன்ன முகவரிதான்.

5. முகவரி தவறினால்

ஒரு குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். ஹங்குராங்கெத்தப் பக்கத்து மலைச்சரிவில் போஞ்சியும் கறிமிளகாயும் பயிரிட்டவர்கள். மண்சரிவின்பின் மஹய்யாவையில் மாமா வீட்டில் தங்கியிருக்கிறார்கள். பிள்ளைக்கு டெங்கு. வைத்தியசாலையில் முகவரி கேட்டபோது, அடையாள அட்டையில் உள்ள ஊர் முகவரியைச் சொல்கிறார்கள். படிவம் நுவரெலியா மாவட்டத்துக்குப் போகிறது. அங்கே பி.எச்.ஐ. சரிந்த வீட்டைத் தேடுகிறார், ஆளில்லை. மஹய்யாவையிலோ, பிள்ளையைக் கடித்த நுளம்பு அடுத்த வீடுகளில் பறந்துகொண்டிருக்கிறது. அந்த நுளம்பு ஏறக்குறைய 8 முதல் 12 நாளில் மற்றவருக்கு நோயைக் கொடுக்கும் நிலைக்கு வந்துவிடும். சின்னமுத்து ஆனால் அவகாசம் இன்னும் குறைவு. நோயாளியோடு பழகிய பிள்ளைக்கு 72 மணித்தியாலத்துக்குள் தடுப்பூசி போட்டால் நோயைத் தடுக்க வாய்ப்புண்டு. தவறான முகவரியால் அந்த மூன்று நாளும் போய்விடும்.

மக்கள் ஏன் பழைய முகவரியைச் சொல்கிறார்கள்? சிலருக்கு அது பழக்கம். சிலர், புதிய இடத்தைச் சொன்னால் ஊரில் உள்ள நிவாரணப் பட்டியலில் இருந்தோ காணிப் பட்டியலில் இருந்தோ பெயர் வெட்டப்படும் என்று அஞ்சுகிறார்கள். நோய் அறிவிப்புப் படிவம் வேறு, அந்தப் பட்டியல்கள் வேறு. ஒன்றைக் கொண்டு மற்றையதை வெட்டுவதில்லை. இன்னும் சிலர் தங்க இடம் தந்த உறவினருக்குத் தொல்லை வரும் என்று தயங்குகிறார்கள். நுளம்புப் பெருக்கத்தைத் தடுக்கும் 2007ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கச் சட்டப்படி வழக்கு வரலாம் என்பது உண்மையே. அதற்கு வழி முகவரியை மறைப்பதல்ல. கிழமைக்கு ஒரு தடவை எல்லோரும் சேர்ந்து தண்ணீர்ப் பீப்பாவைத் தேய்த்துக் கழுவி மூடுவதும், தகரம், டயர், சிரட்டை ஆகியவற்றை அகற்றுவதுமாகும். முட்டை நுளம்பாக 7 முதல் 10 நாள் வரை எடுப்பதால், கிழமைக்கு ஒரு தடவை என்பது போதுமான கணக்கு.

ஆகவே வைத்தியசாலையில் பின்வருமாறு சொல்லுங்கள்: "ஐயா, பிள்ளை இப்போது தூங்குவது இந்த இடத்தில். இன்னார் வீடு, இந்த ஒழுங்கை, இந்தக் கடைக்குப் பக்கத்தில். தொலைபேசி இலக்கம் இது. இங்கே வந்து இத்தனை நாள். அதற்கு முன் இருந்தது இந்த ஊர்." இரண்டு இடங்களையும் சொல்வது நல்லது. நோய் பழைய இடத்தில் பிடித்திருந்தால், அங்கே எஞ்சியிருப்பவர்களுக்கும் அது உதவும்.

6. பின்தொடர்ந்ததால் கிடைத்த பலன்

இது வீண் எழுத்து வேலை என்று எவரும் எண்ண வேண்டாம். இலங்கையில் கடைசியாக இளம்பிள்ளை வாதம் காணப்பட்டது 1993இல். 1995இல் தேசிய தடுப்பு மருந்து நாட்கள் தொடங்கின; போர் நடந்த காலத்திலும் சொட்டு மருந்து பிள்ளைகளைத் தேடிப் போனது. கால் தளர்ந்த ஒவ்வொரு பிள்ளையையும் தேடிப் பரிசோதித்ததால்தான், 2014 மார்ச் 27இல் தென்கிழக்கு ஆசியப் பிராந்தியம் முழுவதும் அந்நோயிலிருந்து விடுபட்டதாக உலக சுகாதார நிறுவனம் சான்றளிக்க முடிந்தது.

சின்னமுத்தை இலங்கை ஒழித்துவிட்டதாக 2019இல் அறிவிக்கப்பட்டது. ஆனால் 2023இல் அது திரும்பவும் தலைகாட்டியது. தடுப்பூசி தவறியவர்களிடமே அது முதலில் நுழைகிறது. ஆகவே கண்டி உட்படப் பல மாவட்டங்களில் 2024 ஜனவரியில் விசேட தடுப்பூசித் திட்டம் நடத்த வேண்டியிருந்தது. இடம்பெயர்ந்த பிள்ளைக்குக் கிளினிக் நாள் தவறுவது எளிது. சின்னமுத்து, கூகைக்கட்டு, ருபெல்லா ஆகிய மூன்றுக்குமான தடுப்பூசி 9 மாதத்திலும் 3 வயதிலும் போடப்பட வேண்டும். பிள்ளையின் சுகாதார வளர்ச்சிப் பதிவேடு மண்ணோடு போயிருந்தால், இப்போதிருக்கும் இடத்துக் குடும்ப நல மாதுவிடம் சொல்லுங்கள். பழைய கிளினிக்கிலும் பதிவு இருக்கும். மறுபடியும் போடுவதா என்பதை மருத்துவ அதிகாரி தீர்மானிப்பார்.

7. தங்குமிடத்தில் செய்யக்கூடியது

பல குடும்பங்கள் ஒன்றாகத் தங்கும் இடத்தில் இரண்டு தாய்மாரைப் பொறுப்பாகத் தெரிவு செய்யுங்கள். அவர்கள் ஒவ்வொரு மாலையும் எந்தப் பிள்ளைக்குக் காய்ச்சல், எத்தனையாம் நாள், தழும்பு உண்டா என்று கேட்டு ஒரே கொப்பியில் எழுதட்டும். ஒரே கிழமையில் இரண்டு பிள்ளைகளுக்கு ஒரே மாதிரியான காய்ச்சலோ தழும்போ வந்தால் குடும்ப நல மாதுவுக்கோ பி.எச்.ஐ.க்கோ அன்றே சொல்ல வேண்டும். இதைச் சொல்ல எவருக்கும் உரிமை உண்டு. வைத்தியர்தான் சொல்ல வேண்டும் என்றில்லை. காய்ச்சல் உள்ள பிள்ளையைப் பகலிலும் நுளம்பு வலைக்குள் படுக்க வையுங்கள்; டெங்கு நுளம்பு பகலில் கடிப்பது.

இன்னொன்றையும் மறக்கக் கூடாது. நோயுற்ற பிள்ளையின் குடும்பத்தை "இவர்கள் வந்துதான் நோய் வந்தது" என்று ஒதுக்கினால், அடுத்த தடவை எவரும் உண்மையைச் சொல்ல மாட்டார்கள். அப்போது கொப்பி வெறுமையாக இருக்கும்; நோய் மட்டும் நடமாடும். சொன்னவருக்கு ஒரு கோப்பை கஞ்சியும், வைத்தியசாலைக்குத் துணையாக ஒருவரும் கிடைத்தால், மற்றவர்களும் தயங்காமல் சொல்வார்கள்.

கூடிப் பேசுவதற்கு

1. எமது தங்குமிடத்துக்கு எந்தச் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனை பொறுப்பு? பி.எச்.ஐ., குடும்ப நல மாது ஆகியோரின் தொலைபேசி இலக்கங்களை எங்கே எழுதி ஒட்டலாம்?

2. கடந்த மாதம் எம்மிடையே காய்ச்சல் வந்த பிள்ளைகள் எத்தனை பேர்? அவர்களில் எத்தனை பேருக்கு இப்போதைய முகவரி வைத்தியசாலையில் கொடுக்கப்பட்டது?

3. எந்தப் பிள்ளைகளுக்குத் தடுப்பூசி தவறியிருக்கிறது? அடுத்த கிளினிக் நாள் எது? யார் அழைத்துப் போவது?

4. தங்க இடம் தந்த வீட்டாருக்கு எம்மால் சுமை கூடாமல், வாரத் துப்புரவை எவ்வாறு பங்கிடலாம்?

இக்கேள்விகளுக்குரிய விடைகளை அதே கொப்பியின் முதற் பக்கத்தில் எழுதுங்கள். நாளை வேறிடத்துக்குப் போக நேர்ந்தால், அரிசிப் பையோடும் அடையாள அட்டையோடும் அந்தக் கொப்பியையும் எடுத்துச் செல்லுங்கள். போய்ச் சேர்ந்த இடத்தில் முதல் வேலையாகப் புதிய முகவரியை அதில் எழுதுங்கள்.